கத்திக்கு எட்டாத காரணங்கள்

அறுவை மேசைக்கு ஒரு நோயாளி வந்து சேரும்போது அவருடைய நோய்க்குப் பல வயது ஆகியிருக்கும். அழுகிய விரலை எடுக்கலாம், சீழை வடிக்கலாம், புண்ணைத் தைக்கலாம். அந்த விரல் ஏன் அழுகியது என்பதற்கான விடை அறுவைக்கூடத்தில் கிடைக்காது. அவர் குடியிருந்த தோட்டத்து வரிசைவீடான லயத்திலும், பாதியில் விட்ட பள்ளியிலும், வேலை பார்த்த மண்ணிலும் போய்த்தான் தேட வேண்டும். நான் மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அறுவை மருத்துவனாகி மாவட்ட மருத்துவமனைகளிலேயே காலத்தைக் கழித்தவன். "சர்ஜனுக்கு எதற்கு வாய்க்காலும் பள்ளிக்கூடமும்?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்பார்கள். அப்போதெல்லாம் அவர்களுக்கு மால்கம் வாட்சனின் கதையைச் சொல்வேன்.

வாட்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட அறுவை மருத்துவராக வந்தார். உத்தியோகம்தான் அறுவை மருத்துவர். அவர் முன்னால் வந்து விழுந்ததெல்லாம் மலேரியாக் குளிர்காய்ச்சல். செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே 1901 செப்டம்பரில் கிள்ளானை அடுத்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சில வாரங்களிலேயே வேலையாட்கள் கொத்துக்கொத்தாகப் படுக்கையில் விழுந்தார்கள். வாட்சன் கொயினா மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. சதுப்பை வடிக்கச் சொன்னார், புதரை வெட்டச் சொன்னார், பள்ளங்களைத் தூர்க்கச் சொன்னார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலில் இறந்தவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டு 59 பேர். மண்வெட்டி செய்த வைத்தியம் இது.

பிறகு அவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டு ரப்பர் தோட்டங்களுக்கு மருத்துவரானார். அங்கேதான் அவருடைய ஆராய்ச்சி ஆழம் கண்டது. கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூர்வரை கடலோரச் சமவெளி. கிழக்கே போகப் போக உலு சிலாங்கூரின் குன்றுகள். சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. காட்டை அழித்து நீரை வடித்தால் அது மறைந்துவிடும். குன்றுப் பகுதியிலோ அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற வேறு கொசு. அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடை நீர் வேண்டும். காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் கிடந்தன, கொசு அண்டவில்லை. ரப்பர் நடக் காட்டை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, மலேரியாவும் வந்தது. சமவெளியில் உயிர் காத்த அதே கோடரி குன்றில் உயிர் குடித்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, குன்றுத் தோட்டங்களில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய்களில் விட்டார்கள்; நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தார்கள். 1911-இல் வாட்சன் எழுதிய மலேரியாத் தடுப்பு நூல் மலாயாவுக்கு வெளியேயும் வழிகாட்டியது.

அவர் நோயை அளந்த முறைதான் என்னை அதிகம் தொட்டது. லயத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை மெல்ல அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வார். நலமான பிள்ளையின் மண்ணீரல் விலாவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், கைக்கு அகப்படாது. மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு அது வீங்கிக் கீழே இறங்கி விரல் நுனியில் இடிக்கும். சில பிள்ளைகளுக்குத் தொப்புள்வரைகூட வந்துவிடும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று எண்ணினால், அந்தத் தோட்டத்து மலேரியாவின் கணக்கு தெரிந்துவிடும். பெரியவர்கள் கப்பலேறி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், அவர்கள் உடம்பில் பல ஊர்க் காய்ச்சல் இருக்கும். தோட்டத்தில் வளரும் பிள்ளையின் வயிறு அந்த மண்ணைப் பற்றி மட்டும்தான் பேசும். நானும் பயிற்சிக் காலத்தில் மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கப் பழகியவன்தான். அந்த விரல் அழுத்தத்தில் ஒரு நிலத்தின் நீரோட்டத்தையே படிக்கலாம் என்பதை வாட்சனிடம்தான் கற்றேன்.

அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளின் படிப்பு என்னவாகியிருக்கும்? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒற்றை அறை. வாத்தியார் சில இடங்களில் கணக்கெழுதும் கிராணி, சில இடங்களில் ஆள் மேய்க்கும் கங்காணி. மாதத்தில் பாதி நாள் காய்ச்சலில் நடுங்கும் பிள்ளைக்கு எந்த வாத்தியாரும் எழுத்துச் சொல்லித்தர முடியாது. ரத்தம் வெளிறிய பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது. வாய்க்காலைச் சரியாக வெட்டிய தோட்டத்தில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் கூடியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் கொசுவோடு போராடியதற்குத் தொழிலாளி மேல் வைத்த அன்பு மட்டும் காரணம் இல்லை. செத்துப்போன ரப்பர் பால்வெட்டுக்காரருக்குப் பதில் இன்னொருவரைக் கப்பலில் கொண்டுவரப் பணம் செலவாகும். வாட்சன் அந்தக் கணக்கையே எடுத்துக் காட்டி முதலாளிகளை இணங்க வைத்தார்.

ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில், அப்போதைய பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டது. பின்னாளில் களைக்கொல்லியும் வந்தது. என் அத்தை பல ஆண்டுகள் முதுகில் பம்பு சுமந்து பாராக்குவாட் அடித்தார். அவருடைய வலது கைக் கட்டைவிரல் நகம் வெளுத்து, உடைந்து, கழன்று, மறுபடி கோணலாக முளைக்கும். மூக்கில் ரத்தம் வடியும்; "சூடுதான்யா" என்று முந்தானையால் துடைத்துக்கொள்வார். டின்னில் எச்சரிக்கை அச்சாகியிருந்தது, மலாயிலும் ஆங்கிலத்திலும். அத்தைக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். கையுறை போடாததால் வந்த நகப்புண் என்று ஒரு மருத்துவர் எழுதலாம். என்னால் அப்படி எழுதி முடிக்க முடியவில்லை. அந்த நகத்தில் நஞ்சின் பங்கும் உண்டு, பாதியில் நின்ற படிப்பின் பங்கும் உண்டு. மருந்தடிக்கும் பெண்களின் இந்த நிலையைத் தெனகனித்தா என்ற தொண்டு அமைப்பு 2002-லேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பாராக்குவாட்டுக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.

இப்போது என் மேசைக்கு அதிகம் வருவது இனிப்பு நீர்க்காரர்களின் கால். 2019-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்குத்தான் விழுக்காடு மிக அதிகம். ஓய்வுபெற்ற பால்வெட்டுக்காரர் ஒருவர் கால் கட்டோடு வந்தார்.

"ஆணி குத்துனதே தெரியல தம்பி. செருப்புல ரத்தத்தைப் பார்த்துட்டுப் பேத்திதான் சொன்னா."

"எத்தனை நாளாச்சுங்க ஐயா?"

"பத்து நாள் இருக்கும். வலிக்கலையே, அதான் விட்டுட்டேன்."

நரம்பு செத்த காலுக்கு வலி தெரியாது. வலிக்காததுதான் ஆபத்து என்பதை அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டதும் தோட்ட ஆஸ்பத்திரி போனது, மருந்து கட்டும் டிரசரும் போய்விட்டார். அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கே போய்வர வாகனம் பிடிப்பதற்குத்தான் அவரிடம் வழியில்லை. இரண்டு விரல்களை எடுத்தேன். அறுவை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்குப் போகுமுன் பேத்தியை அழைத்து, ஒவ்வோர் இரவும் தாத்தாவின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். மற்ற விரல்கள் தப்பினால் அந்தப் பிள்ளையின் கண்ணால்தான் தப்பும்.

நிலத்தின் பாடமும் முடிந்துவிடவில்லை. வட சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகம் சதுப்புக் காடு. பல்லாயிரம் ஆண்டுகளாக இலையும் வேரும் நீருக்குள் மட்கிச் சேர்ந்ததுதான் அந்த மண். முன்பு மரம் வெட்டியவர்களும் நிலத்தைப் பிடித்தவர்களும் வெட்டிய வாய்க்கால்கள் வழியே நீர் வடிந்துபோனால், மேல்மண் காய்ந்து மண்ணே பற்றிக்கொள்ளும். தீ அடியில் கனன்றுகொண்டே இருக்கும். புகை சுற்று வட்டாரத்துப் பிள்ளைகளின் நுரையீரலுக்குள் போகும். 2008 முதல் வனத்துறையும் தொண்டர்களும் ஊர் மக்களும் அங்கே வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கி, மரக்கன்று நடுகிறார்கள். வாட்சன் காலத்துக் கடலோரத்தில் நீரை வடிப்பது மருத்துவம். ராஜா மூசாவில் நீரைத் தேக்குவது மருத்துவம். எந்த மண், எந்த நீர், எந்தக் கொசு என்று கேட்காமல் மருந்து சொல்லக்கூடாது.

மலேரியாவும் அதையேதான் சொல்கிறது. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா இல்லை. ஆனால் குரங்குகளிடம் இருக்கும் நோலெசி வகை, காட்டோரத்தில் வேலை செய்பவர்களை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிடிக்கிறது. சரவாக்கின் காப்பிட்டில் அது பரவலாக இருப்பதை ஆய்வாளர் பல்பீர் சிங் குழுவினர் 2004-இல் வெளிப்படுத்தினார்கள். காட்டின் விளிம்பு மாறும்போது நோயின் வழியும் மாறுகிறது.

எனக்குப் பின்னால் வரும் இளம் மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனையை விட்டு வெளியே வாருங்கள். உங்கள் நோயாளி எந்தச் சாக்கடை ஓரம் குடியிருக்கிறார், எந்த மருந்தை அடிக்கிறார், மருந்துச் சீட்டை வாசிக்க அவர் வீட்டில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக் கூரைத் தகரத்தில் தேங்கிய நீரில் நெளியும் கொசுப்புழுவைப் பிள்ளைகள் எண்ணட்டும். தாத்தா பாட்டியின் பாதத்தைப் பார்க்கட்டும். களைக்கொல்லிப் புட்டியில் இருப்பதை வீட்டுப் பெரியவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லட்டும். உடல்நலம், கல்வி, சூழல் என்று நாம் மூன்று இலாகாவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளையின் உடம்பில் அவை ஒன்றாகத்தான் இருக்கின்றன. அப்படியே சேர்த்துப் படிப்பதும் சேர்த்துச் செய்வதும்தான் இந்த மண்ணுக்கு ஏற்ற மருத்துவம்.