முதலில் ஸ்கேன் செய்தவர்

பின்வாசலில் இருந்த தண்ணீர் மோட்டாரை ஒரு ராத்திரியில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும் இருக்கும் வீடு. தோஹாவில் இருக்கும் அண்ணன் அன்று மாலையே முடிவு செய்துவிட்டான். "நாலு கேமரா போட்டுடு. ஹாலுக்கு ஒண்ணு கட்டாயம். அம்மா விழுந்து கிழுந்து வச்சா எனக்குத் தெரியணும்ல." பணமும் அனுப்புவதாகச் சொன்னான்.

அக்கறைதான். ஆனால் ஹால் கேமரா என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் வாழப்போன வீட்டில் ஒன்று இருந்தது. அதன் படம் மாமனாரின் கடையில், கல்லாவுக்கு மேலே டிவியில் ஓடும். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மூணு மணிக்கு யாரும்மா வந்துட்டுப் போனது?" என்பார். குரலில் கோபமே இருக்காது. வந்தது தபால்காரராக இருக்கும், இல்லையென்றால் துணி தேய்ப்பவர். கொஞ்ச நாளில் ஹாலில் உட்காருவதையே விட்டுவிட்டேன். அடுப்படியில் கேமரா எட்டாத மூலையில்தான் படிப்பது, சாப்பிடுவது, தோழியோடு பேசுவது. அந்த மூலையின் அளவு இன்றைக்கும் நினைவிருக்கிறது: இரண்டரைக்கு நாலடி.

2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அப்போது நான் அந்த மூலையில் இருந்தேன்.

அண்ணனிடம் பணம் வேண்டாம் என்றேன். பணம் போட்டவர் கேமரா என்று ஆகிவிடும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தபோது, டிவிஆர், ஹார்ட் டிஸ்க், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து நாலு கேமராவுக்குப் பதினைந்தாயிரத்தைத் தொட்டது. வைஃபை கேமரா இரண்டு, ஆளுக்கொரு மெமரி கார்டு என்றால் அதில் பாதிகூட ஆகவில்லை. கார்டு நிறைந்ததும் பழையது தானாக அழிந்து புதியது பதிவாகும். மாதச் சந்தா கட்டச் சொன்னால் தலையாட்ட வேண்டாம். கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும் என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானாகக் கேட்டேன். ரூட்டருக்கும் கேமராவுக்கும் இன்வெர்ட்டர் லைனிலிருந்து இணைப்பு கொடுத்தோம்.

மாட்ட வந்த பையன் ஏணியிலிருந்து இறங்கி, "சார் வரட்டும்க்கா, அவர் போன்ல ஆப் போட்டுடலாம்" என்றான்.

"எந்த சார்?"

அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை யாருடைய போன் முதலில் ஸ்கேன் செய்கிறதோ, கேமரா அந்தக் கணக்குக்குத்தான் சொந்தம். மற்றவர்கள் அந்த ஆள் பகிர்ந்தால் பார்க்கலாம், நிறுத்தினால் முடியாது. விலை, மெகாபிக்சல் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசும் கடையில் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நான் என் போனை நீட்டினேன். பாஸ்வேர்டையும் நானே போட்டேன். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான்.

ஹாலைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். அண்ணன் கேட்டிருக்கவில்லை. "மத்தியானம் புடவையைத் தளர்த்திட்டுப் படுக்கிறேன். அதை தோஹாவில இருந்து பார்க்கணுமா?" என்றாள். அவள் கட்டிலோரம் ஒரு வயர்லெஸ் காலிங்பெல் வைத்தோம். மணி என் அறையில் அடிக்கும். கேட்டுக்கு ஒரு கேமரா, பின்வாசலுக்கு ஒன்று. அண்ணனுக்குக் கேட்டை மட்டும் பகிர்ந்தேன். இரண்டு வாரம் அவன் பேசவில்லை.

பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பள்ளியில் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதே ஆப்பையும் திறக்கும் பழக்கம் வந்துவிட்டது. பின்வாசல் துணி துவைக்கும் கல்லில் அம்மா உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவர் படத்தில் விழவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"மத்தியானம் யாரும்மா வந்துட்டுப் போனது?"

அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கேமராவின் கழுத்தைக் கீழே திருப்பினேன். இப்போது புது மோட்டாரும் கதவின் கீழ்ப்பாதியும் மட்டும் தெரிகின்றன. துவைக்கும் கல் தெரியவில்லை.