பைசாவா ரூபாயா: எழுதாமல் விட்ட ஒரு வரி

பி.காம். படிக்கிறவனுக்கு எதற்கு இந்த புரோகிராம் வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கல்லூரியில் ஒரு செமஸ்டர் பைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அதனால் என் நண்பன் ஒருவன் முதலாளியிடம் எல்லார் முன்னாலும் திட்டு வாங்கிய கதைதான் இது. தப்பு என்னுடையது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நண்பன் பி.சி.ஏ. ஆவடியில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு. காலையில் கல்லூரி. மாலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. அந்த முதலாளி செக்கில் தொகையைத் தமிழில்தான் எழுதுவார். (எழுதலாம், வட்டார மொழியில் எழுதிய செக்கையும் வங்கிகள் வாங்கிக்கொள்ளும்.) எண்ணைத் தமிழ் எழுத்தாக்கும் ஒரு லைப்ரரியை நான் ஜிட்ஹப்பில் போட்டிருந்தேன். பெயர்தான் லைப்ரரி, மொத்தம் இருநூறு வரி தேறும். நண்பன் அதைத் தன் எக்செல் தாளோடு இணைத்து செக் அச்சடிக்க ஆரம்பித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சரக்கை நிஜமாகவே ஒருத்தன் பயன்படுத்துகிறானே!

மேட்டருக்கு வருகிறேன். கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். அதனால் பணத்தைத் தசமத்தில் வைக்காதே, பைசாவாக மாற்றி முழு எண்ணாக வை என்பார்கள். நானும் அப்படியே செய்தேன். பிறகு வசதிக்காக இன்னொன்றும் சேர்த்தேன்: தசமப் புள்ளியோடு வந்தால் ரூபாய், முழு எண்ணாக வந்தால் பைசா. இந்த அதிமேதாவித்தனத்தை விளக்கக் குறிப்பில் எழுதவில்லை. கோடுக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒற்றை வரி கமெண்ட் இருந்தது, அவ்வளவுதான்.

எக்செல் தாளைப் பைத்தானில் படிக்கும்போது 2,450.50 தசமமாக வரும், 1,18,000 முழு எண்ணாக வரும். நண்பன் முதலில் சோதித்த தொகைகள் எல்லாம் பைசாவோடு இருந்தன, எல்லாம் சரியாக வந்தன. பிறகு ஒரு இரும்பு சப்ளையருக்கு ஒரு லட்சமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஒரு செக். எண்ணில் 1,18,000. எழுத்தில் 'ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய் மட்டும்'. முதலாளி அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எங்கள் பாடத்திலேயே இது இருக்கிறது. 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18: எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும். தேர்வில் இரண்டு மார்க் கேள்வியாக எழுதியிருக்கிறேன். நடைமுறையில் வங்கி அதற்கெல்லாம் காத்திருக்காது, எண்ணும் எழுத்தும் ஒத்துப்போகவில்லை என்று காரணம் போட்டு செக்கைத் திருப்பிவிடும். திருப்பிவிட்டது. சப்ளையர் அடுத்த லோடை நிறுத்தினார். பட்டறையில் இரண்டு மெஷின் சும்மா நின்றது. நண்பனுக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

"கோடுல கமெண்ட் போட்டிருந்தேனேடா" என்றேன்.

"நான் உன் கோடைப் படிக்கணும்னா உன் லைப்ரரி எதுக்குடா எனக்கு? நானே எழுதிட்டுப் போறேன்" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான்.

அந்த இரண்டு வாரத்தில் என் குறிப்பை நானே அந்நியன் மாதிரி உட்கார்ந்து படித்தேன். வெட்கமாக இருந்தது. பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டிருப்பார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குன்றக் கூறல். எதையோ சொல்ல வந்து வேறெதையோ விரிப்பது மற்றொன்று விரித்தல். என் குறிப்பில் இரண்டும் ஜோராக இருந்தன. பைத்தான் எனக்கு ஏன் பிடிக்கும் என்று அரைப்பக்கம். எந்த அலகில் தொகை தர வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. 13ஆம் நூற்றாண்டு மனிதர் என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது.

அடுத்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஓப்பன்-தமிழ் லைப்ரரியைத் திறந்தேன். 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி உண்டு, அதை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் இன்னும் பலரும் சேர்ந்து செய்யும் பைத்தான் லைப்ரரி இது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ஓப்பன்-தமிழிடம் கேட்டால் த, மி, ழ் என்று 3 எழுத்தாகப் பிரித்துத் தரும். எண்ணை எழுத்தாக்கவும் அதில் இரண்டு ஃபங்ஷன் உண்டு. ஒன்று நம்ம லட்சம் கோடிக் கணக்கு, மற்றது மில்லியன் பில்லியன் கணக்கு. இரண்டாவதன் பெயரிலேயே 'அமெரிக்கன்' என்று ஒட்டிவைத்திருக்கிறார்கள். குறிப்பைப் படிக்காத சோம்பேறிக்கும் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

என் ஃபங்ஷனை இரண்டாக உடைத்தேன். ஒன்றின் பெயரில் ரூபாய், இன்னொன்றின் பெயரில் பைசா. பைசா ஃபங்ஷனுக்குத் தசமம் கொடுத்தால் பிழைச் செய்தி வரும், அதுவும் என்ன தப்பு, என்ன தர வேண்டும் என்று சேர்த்தே சொல்லும். பழைய தந்திரத்தை வைத்துக்கொண்டே பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கலாம்தான். ஆனால் அது குழியை மூடாமல் பக்கத்தில் போர்டு நடும் வேலை (எங்கள் ஏரியா ரோட்டில் போகிறவர்களுக்குப் புரியும்).

பிறகு உதாரணங்கள். பைத்தானோடு டாக்டெஸ்ட் என்று ஒரு கருவி வருகிறது. குறிப்பில் நீங்கள் எழுதிய உதாரணங்களை அது ஓட்டிப் பார்த்து, நீங்கள் எழுதிய விடை நிஜமாக வருகிறதா என்று சொல்லும். எங்கள் பாஷையில் இது பேங்க் ரீகன்சிலியேஷன்: கேஷ் புக்கும் பாஸ் புக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒன்பது உதாரணத்தில் இரண்டு தப்பு! கடைசியில் 'மட்டும்' சேர்க்கும்படி கோடை எப்போதோ மாற்றியவன் குறிப்பை மாற்ற மறந்திருக்கிறேன்.

எல்லாம் முடித்து, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டீக்கடைக்கு நண்பனை வரச்சொன்னேன். வந்தான். லேப்டாப்பைக் கொடுத்து, "இதை மட்டும் படிச்சு ஒரு செக் தொகை கொண்டு வா, நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். மூன்றாவது வரியில் நின்றான். நெற்றியைச் சுருக்கினான். எனக்கு நாக்கு துடித்தது. "கமா போட்டுக் கொடுக்கலாமா கூடாதா?" என்று கேட்டான். அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அங்கேயே ஒரு வரி சேர்த்தேன். அடுத்து, தொகை பூஜ்யமாக இருந்தால் என்றான். இன்னொரு வரி. டீ ஆறிப்போனது. ஆறு கேள்வி கேட்டான், நான் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத்திலும் எனக்குத் தோன்றியிருக்காத கேள்விகள்.

இப்போது ரயிலில் ஒரே பெட்டிதான். பட்டறை வவுச்சர்களுக்கு என் லைப்ரரியைத்தான் பயன்படுத்துகிறான். செக்கில் தொகையை மட்டும் இன்னமும் கையால் எழுதுகிறான்.