நிற்கிற கதவு

2025 ஜூன் 9, திங்கள்

மருத்துவமனைக்குத் தீயணைப்புச் சான்று புதுப்பிக்கும் சமயம். பம்பு, சிலிண்டர், அலாரம் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்ததில் கதவுகள் என் தலையில் விழுந்தன. "கதவுதானே, ஒருநாள் வேலை" என்றார் நிர்வாக அலுவலர், எங்கள் ஏ.ஓ.

ஒற்றைக் கதவுகள் ஒருநாள் வேலைதான். க்ளோசர் இழுத்துச் சாத்துகிறது, நாக்கு நிலைக்குள் விழுகிறது, முடிந்தது. தகராறெல்லாம் வார்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற இரட்டைக் கதவுகளில். ஸ்ட்ரெச்சரும் கட்டிலும் திரும்ப அகலம் வேண்டுமென்று இரட்டையாகப் போட்டவை. இரும்புத் தகட்டுக் கதவு, ஓரத்தில் 120 நிமிடம் என்று சான்றுத் தகடு. ஃபிட்டர்கள் இவற்றை ‘ஓடுற கதவு’, ‘நிக்கிற கதவு’ என்று பிரித்துச் சொல்வார்கள். ஆள் போய்வருவது ஓடுகிற கதவில். கட்டில் வரும்போது மட்டும் நிற்கிற கதவையும் திறப்பார்கள்.

முதல் மாடியில் கைப்பிடியைத் தொடாமல் கதவைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தே திறந்துகொண்டன. ஓடுகிற கதவின் நாக்கு, நிற்கிற கதவின் ஓரத்தில் ஒழுங்காக மாட்டித்தான் இருந்தது. பூட்டில் பழுதில்லை. ஆனால் நிற்கிற கதவை மேலே சட்டத்தோடும் கீழே தரையோடும் பிடித்து வைக்க எதுவுமில்லை. ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டுமே நிலையை விட்டுவிட்டன. பார்வைக்குச் சாத்திய கதவு. தீயின் கணக்கில் அது திறந்த கதவு.

ஜூன் 10, செவ்வாய்

காரணம் புரிய நேரமாகவில்லை. நிற்கிற கதவின் ஓரத்தில் புதைத்துவைத்த பிளஷ் போல்ட் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறது. கையால் நெம்பிப் போடுகிற வகை. கட்டில் வருகிறது, வார்டு பாய் இரண்டு போல்ட்டையும் கழற்றுகிறான், கட்டில் போகிறது. திரும்பிவந்து அதைப் போட யாருக்கு நேரம்? ஐ.சி.யூ. நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிறவனை நிறுத்தி "தம்பி, போல்ட்" என்று கேட்கவும் முடியாது. மனிதர்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தாழ்ப்பாளை இந்த இடத்தில் பொருத்தியதே தப்பு. ஆள் புழங்காத பம்பு அறைக்கு அது போதும்.

இரண்டாம் மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் ‘சரி’செய்திருக்கிறார். பிளஷ் போல்ட் இறுகிப்போனதால் கதவின் முகத்தில் அலுமினிய டவர் போல்ட் ஒன்றை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார். தீக்கதவைச் சோதிக்கும் உலையில் வெப்பம் 5 நிமிடத்தில் 576 டிகிரி, 10 நிமிடத்தில் 678 டிகிரி ஏறும். இரண்டு மணி நேரத்தில் 1049. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். 120 நிமிடக் கதவுக்குப் பத்து நிமிடத் தாழ்ப்பாள்!

மத்தியானம் ஆசாரி அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க ஊர் வீட்டுல ரெட்டைக் கதவுல இடது பக்கத்தை முதல்ல சாத்தி, மேல்தாழ்ப்பாளைப் போட்டுட்டுத்தானே வலதை இழுப்போம். அதேதான் சார். இங்க அதைச் செய்ய வீட்டுல ஆள் இல்ல" என்றார். நான் வரைந்து வைத்திருந்த படத்தைவிட அவர் சொன்னது தெளிவு.

ஜூன் 11, புதன்

ஜெனரேட்டர் மாற்றம். கதவுப் பக்கமே போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

சாத்தும் வரிசையைப் பார்த்தேன். ஓடுகிற கதவின் ஓரத்தில் ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருக்கும். சாத்தும்போது அது நிற்கிற கதவின் மேல் ஏறி உட்கார்ந்து நடு இடுக்கை மறைக்கும். புகை நடுவில் புகாமல் இருக்க அந்தப் பட்டை வேண்டும். அதனால்தான் நிற்கிற கதவு முதலில் வந்து சேர வேண்டும், ஓடுகிறது பின்னால் வர வேண்டும். முறை மாறினால் பட்டை உள்ளே மாட்டிக்கொள்கிறது, நிற்கிற கதவு அதில் இடித்து நிற்கிறது, நடுவில் கைநுழையும் இடைவெளி.

இதற்கென்றே கோஆர்டினேட்டர் என்று ஒரு சாமான் உண்டு. நிலையின் மேற்சட்டத்தின் கீழே ஒரு நீளப் பட்டி, அதில் ஒரு கை. ஓடுகிற கதவு முந்திக்கொண்டு வந்தால் அந்தக் கை தடுத்து நிறுத்தும். நிற்கிற கதவு வந்து விசையை அமுக்கியதும் கை மடங்கி வழிவிடும். ஐரோப்பியத் தரத்தில் இதற்குத் தனி எண்ணே இருக்கிறது, இ.என். 1158. எங்கள் கட்டடத்தில் சில கதவுகளில் இது இருக்கிறது. இரண்டாம் மாடியில் கையை வளைத்து மேலே செருகிவிட்டார்கள், ‘இடிக்குது’ என்று. மூன்றாம் மாடியில் பட்டியே இல்லை, ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்.

இரண்டு கதவையும் அகலத் திறந்து ஒரே நேரத்தில் விட்டுப் பார்ப்பதுதான் பரிசோதனை. ஒரு கதவை மட்டும் திறந்து சாத்திப் பார்த்தால் எந்தக் கதவும் பாஸ் ஆகிவிடும். போன முறை ஆய்வுப் படிவத்தில் ‘நன்று’ என்று டிக் விழுந்திருப்பது அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

ராத்திரி எட்டு மணிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடிந்ததும் முதல் மாடிக் கதவின் இரண்டு கைப்பிடிக்கும் சங்கிலி சுற்றிப் பூட்டிவிடுகிறார் செக்யூரிட்டி அண்ணன். சாவி அவர் பையில். அவரைக் கோபித்துப் பயனில்லை. "போன மாசம் செல்போன் திருட்டு போச்சு சார், என்னையத்தான் கேட்டாங்க" என்கிறார். அதுவும் நியாயம்தானே. அவருக்குத் திருட்டைப் பற்றிக் கேட்க ஆள் இருக்கிறது, தீயைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

இதே தேதியில், 1997-இல், டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் இறந்தார்கள். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் மூச்சு முட்டித்தான் போனார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது ஒரே வரி: வெளியேறும் கதவு, வெளியேறுகிறவர் பக்கத்திலிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். சங்கிலியைக் கையோடு கழற்றி வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு அங்கே இரவில் ஒரு ஆள் உட்காருவார். ஏ.ஓ.விடம் எழுத்தில் வாங்கியாச்சு.

ஜூன் 14, சனி

கடைக்காரர் வந்தார். டை கட்டியவர். மேக்னட் லாக் போடச் சொல்கிறார். "கரண்ட் போனா தானா விட்டுரும் சார், சேஃப்." ஜனங்கள் வெளியேறுவதற்கு அது சேஃப்தான். ஆனால் கரண்ட் போன பிறகு அந்தக் கதவைப் பிடிப்பது எது? எரிகிற அறையில் காற்று சூடேறி விரிந்து கதவின் மேல்பாதியைத் தள்ளும். ஒருபக்கம் சூடேறிய இரும்புத் தகடு வளையவும் செய்யும். க்ளோசரின் ஸ்பிரிங் இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது. இரும்பு நாக்கு ஒன்று இரும்புக் குழியில் இறங்கி நின்றால்தான் உண்டு. இரட்டைக் கதவில் அது மேலே கட்டாயம் இருக்க வேண்டும்.

தீக்கதவுக்குக் கேட்பது இரண்டே சங்கதி. உள்ளிருந்து எவரும் ஒரே அசைவில் திறக்க வேண்டும். போன பிறகு கதவு தானாகச் சாத்தி, தானாக நாக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வருகிறவனைத் தடுப்பது மூன்றாவது, அதுவும் முதல் இரண்டைக் கெடுக்காமல் செய்ய முடிந்தால். கடைக்காரர்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அவர் பெட்டியில் இருந்ததில் உருப்படியாக இரண்டு. ஒன்று, தானியங்கி பிளஷ் போல்ட். நிற்கிற கதவின் ஓரத்தில் சின்ன விசை இருக்கும். ஓடுகிற கதவு வந்து அதை அமுக்கினால் போல்ட்டுகள் மேலும் கீழும் தாமே பாயும், அது திறந்தால் தாமே உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்னொன்று பேனிக் பார். இடுப்புயரத்தில் குறுக்குக் கம்பி, அதை அமுக்கினால் மேல்கம்பியும் கீழ்கம்பியும் விடும். இ.என். 1125 தரப்படி 80 நியூட்டனுக்குமேல் விசை கேட்கக் கூடாது. ஏறக்குறைய எட்டுக் கிலோ அழுத்தம். கதவின்மேல் நூறு கிலோ பாரம் சாய்ந்திருக்கும்போதும் 220 நியூட்டனுக்குள் திறந்தாக வேண்டும். முண்டியடிக்கிற கூட்டத்தை மனதில் வைத்து எழுதிய விதி என்பது அந்த இரண்டாவது எண்ணிலேயே தெரிகிறது.

வாங்குமுன் ஒன்று செய்ய வேண்டும். கதவு, நிலை, பூட்டு எல்லாம் சேர்த்துத்தான் உலையில் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். நம் இஷ்டத்துக்குத் துளை போட்டால் அந்தத் தகடு வெறும் அலங்காரம். கதவு செய்த கம்பெனிக்கு எழுதி, எந்தச் சாமான் அவர்கள் சோதனையில் இருந்தது என்று பட்டியல் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

பட்டியல் வந்துவிட்டது. முதல் இரண்டு மாடிக்கு இரண்டு கதவிலும் பேனிக் பார். நிற்கிற கதவின் பாரை அமுக்கினால் அதுவே ஓடுகிற கதவின் நாக்கையும் விடுவிக்கும் வகை. பட்டை மேலேறி உட்காரும் கதவுகளுக்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் இருட்டில் நிற்கிற கதவுப் பக்கம் ஒதுங்கியவர்கள் அங்கேயே நிற்பார்கள்.

இந்தக் கம்பி பிறந்த கதை இன்றைய தேதியில் தொடங்குகிறது. 1883 ஜூன் 16, இங்கிலாந்தின் சண்டர்லாண்ட், விக்டோரியா ஹால். குழந்தைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசு கொடுப்பதைப் பார்த்து மாடியிலிருந்த பிள்ளைகள் படியிறங்கி ஓடினார்கள். கீழே கதவு அவர்களை நோக்கித் திறக்கிற கதவு. ஒரு பிள்ளை மட்டும் நுழைகிற இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். 183 பிள்ளைகள் நெரிசலில் இறந்தார்கள். தீ இல்லை, புகை இல்லை. ஒரு தாழ்ப்பாள்தான். அதைப் போட்டது யார் என்று விசாரணையில் கடைசிவரை தெரியவில்லை. ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் 1892-இல் அமுக்கினால் திறக்கும் தாழுக்குக் காப்புரிமை வாங்கினார்.

அமெரிக்காவுக்கு இன்னொரு சாவு வேண்டியிருந்தது. 1903 டிசம்பர் 30, சிகாகோ இராக்குவா தியேட்டர், அறுநூறுக்கும் மேல். அந்தக் காட்சிக்குப் போகவிருந்து போகாமல் தப்பிய கார்ல் பிரின்ஸ்லர் ஒரு ஹார்டுவேர் வியாபாரி. இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த கம்பி 1908-இல் விற்பனைக்கு வந்தது. இன்று எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் ஜோடிக் கதவுக்குப் போட்டிருக்கிற தொகையைப் பார்த்து ஏ.ஓ. முகம் சுளித்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். கதையாலா, சான்று தேதி நெருங்குவதாலா, கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

பொருத்தும் வேலை. மேல்கம்பி சுலபமாக அமைந்தது. பாடுபடுத்தியது கீழ்கம்பி. தரையில் அது இறங்கும் குழியில் ஃபினாயில் தண்ணீர், தலைமுடி, பஞ்சு, மாத்திரை உறை. ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் துடைப்பதெல்லாம் கடைசியில் அந்தக் குழியில்தான் சேர்கிறது. குழி நிறைந்தால் கம்பி இறங்காது, இறங்காவிட்டால் கதவு பிடிக்காது. ஸ்பிரிங் மூடி உள்ள குழி வாங்கிப் போட்டோம். கம்பி வந்தால் மூடி கீழே போகும், விலகினால் மேலே வந்து தரைமட்டமாகும். விலை அற்பம், இத்தனை நாள் யாரும் போடவில்லை.

ஸ்ட்ரெச்சர் சக்கரம் கீழ்கம்பியை வளைத்துவிடும் என்ற பயமும் உண்டு. கீழ்கம்பியே இல்லாத வகை இருக்கிறது. கதவு ஓரத்தில் ஒரு முளை ஸ்பிரிங்கோடு ஒளிந்திருக்கும், வெப்பத்தில் அதன் பிடிப்பு உருகியதும் பாய்ந்து பக்கத்துக் கதவைக் கோக்கும். நல்ல யோசனை. ஆனால் எங்கள் கதவின் சான்றில் அது இல்லை. கம்பிக்கு எஃகுக் கவசம் போட்டோம்.

ஆசாரி அண்ணன் நடு இடுக்கை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரக் கீலைக் கழற்றி, தகடு வைத்து, மறுபடி கழற்றி, சாயங்காலம் ஆக்கிவிட்டார். அவர் நாணயத்தை விட்டு இடுக்கு அளக்கும் அழகே தனி.

ஜூன் 20, வெள்ளி

சிஸ்டர்கள் கதவைத் திறந்தே வைக்கத் தீயணைப்பு சிலிண்டரை முட்டுக் கொடுக்கிறார்கள். தீயை அணைக்க வைத்ததைக் கொண்டே தீக்கு வழி! ஆனால் இரு கையிலும் டிரே பிடித்து ராத்திரி முழுக்க நடப்பவர்களைக் கதவோடு மல்லுக்கட்டச் சொல்வதும் முறையல்ல. சுவரில் மேக்னட் போட்டு, அதை அலாரம் பேனலோடு இணைத்தோம். சாதாரண நேரத்தில் கதவு திறந்தே நிற்கும். அலாரம் அடித்தாலும் கரண்ட் போனாலும் விட்டுவிடும், க்ளோசர் சாத்தும். மேக்னட்டுக்குச் சரியான இடம் இதுதான்.

சாயங்காலம் அலாரத்தை அடித்துப் பார்த்தோம். இரண்டும் கிளம்பின. கோஆர்டினேட்டர் கை ஓடுகிற கதவை நிறுத்தியது, நிற்கிற கதவு வந்து மேலும் கீழும் மாட்டியது, கை மடங்கியது, ஓடுகிற கதவு சாத்தியது. செக்யூரிட்டி அண்ணன் வெளிப்பக்கம் நின்று இழுத்துப் பார்த்தார். அங்கே கைப்பிடி இல்லை, வெறும் தகடு. உள்ளிருந்து யாராவது பாரை அமுக்கினால் அவர் மேசையில் மணி அடிக்கும். "இது போதும் சார்" என்றார்.

ஜூன் 23, திங்கள்

மூன்றாம் மாடிக்குக் கோஆர்டினேட்டர் வியாழனன்று வருகிறது. அதுவரை அங்கே இரவில் ஆள். மாதாமாதப் படிவத்தில் ‘கதவு நன்று’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘இரண்டையும் அகலத் திறந்து ஒன்றாக விட்டபோது நிற்கிற கதவு முதலில் மாட்டியதா?’ என்று சேர்த்திருக்கிறேன். ஸ்டோரில் மிச்சமிருந்த அலுமினிய டவர் போல்ட்டுகளைக் குளியலறைக் கதவுகளுக்கு ஒதுக்கியாச்சு.