நான் எழுதிய சந்தேகம்

நான் ஆங்கில ஆசிரியன். போர் முடிந்து கிளிநொச்சியில் சனம் மீளக் குடியேறிய காலத்தில், கடிதம் எழுதுவிக்க என்னிடம் பலர் வந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைப் பற்றி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. நான் காசு வாங்கவில்லை. "மாஸ்டர் எழுதினால் வடிவா இருக்கும்" என்ற பெயரை வாங்கினேன். அது காசைவிட இனித்தது.

ஒரு தாய் வந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்த மகனைத் தேடிக்கொண்டிருந்தார். விடுதலையாகி வந்த ஒருவர் அவனை ஒரு முகாமில் கண்டதாகச் சொல்லியிருந்தாராம். "அவன் அந்தக் காம்பிலதான் இருக்கிறான் எண்டு எனக்குச் சந்தேகம், மாஸ்டர்" என்றார்.

நான் எழுதினேன்: "ஐ டவுட் தட் மை சன் இஸ் இன் தட் கேம்ப்."

தமிழில் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அதைவிட, என் ஆங்கிலத்தைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அந்த வரியின் பொருள், 'என் மகன் அங்கே இருப்பதாக நான் நம்பவில்லை' என்பது. அவர் தேடச் சொன்ன இடத்தில் தேட வேண்டாம் என்று அவர் பெயரிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நம் சந்தேகம் இரண்டு பக்கமும் போகும். 'அவர் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டார். பொலிஸார் 'சந்தேக நபர்' என்றால், அவர்தான் செய்திருப்பார் என்று எண்ணுகிறார்கள். ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவதற்கு டவுட், இரண்டாவதற்கு சஸ்பெக்ட். வகுப்பில் பிள்ளைகள் "சேர், ஒரு டவுட்" என்று கை உயர்த்துவது வெறும் கேள்வி. இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கியே நான் பல வருடம் படிப்பித்தேன்.

பிறகு ஒரு விசாரணையில் அந்தத் தாயிடம் கேட்டிருக்கிறார்கள்: மகன் அங்கே இல்லை என்று முன்பு எழுதிய நீங்கள், இப்போது இருக்கிறான் என்கிறீர்களே? அவர் திகைத்துப்போனார். வாய் தடுமாறியது. பொய்க்காரியைப் போல நின்றாராம். நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"நான் அப்பிடிச் சொன்னனானோ, மாஸ்டர்?"

உள்ளே போய்ப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு பார்வையிலேயே விளங்கிவிட்டது. வெளியே வந்து, "அவங்கள் பிழையா விளங்கியிருப்பாங்கள், அம்மா" என்றேன். கடிதத்தில் விட்ட பிழை கவனக்குறைவு. இது பொய். பெயர் போய்விடும் என்ற பயத்தில், தெரிந்தே சொன்ன பொய்.

அன்றிரவு அகராதியில் ஒளிய இடம் தேடினேன். இருந்தது. முற்கால ஆங்கிலத்தில் டவுட் என்பதற்கு, இப்படித்தான் இருக்கும் என்று அஞ்சுவது, ஐயுறுவது என்ற பொருளும் உண்டு. ஏதோ சூழ்ச்சி நடந்திருக்கிறது என்று எண்ணும்போது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் சொல்வதும் இதே சொல்தான். ஸ்கொட்லாந்தில் இன்றும் அப்படிப் பேசுவோர் உண்டு. ஆகவே நான் எழுதியது பிழையில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். அந்தக் கடிதத்தை வாசித்தது ஹாம்லெட் இல்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளது தொடர் போராட்டம் தொடங்கியது. அந்தத் தாயும் மகனின் படத்தோடு அங்கே போய் இருந்தார். ஏ9 வீதியால் பாடசாலைக்குப் போகும்போது நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். திருத்திய கடிதம் ஒன்றை அனுப்பப் பத்து நிமிடம் போதும். அனுப்பினால் முதற் கடிதம் பிழை என்றாகிவிடும். அதனால் அனுப்பவில்லை.

கடைசியில் போய்ச் சொன்னேன். மிகவும் பிந்திவிட்டது. அவர் என்னை ஏசவில்லை. "அப்ப, அவங்கள் அங்க தேடவே இல்லையோ, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மகன் எங்கே என்ற கேள்வியோடு வாழ்ந்தவருக்கு இன்னொரு கேள்வியையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறருக்காக ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்து வாங்கும் முன், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் எழுதுவித்த கடிதங்களின் பிரதிகள் உங்கள் வீட்டில் இருந்தால், வேறொருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். என் கையெழுத்தில் இருந்தால், கட்டாயம் வாசிப்பியுங்கள்.