லாக் எட்டிவ் கரையிலே

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைப் பூகோளப் படத்தில் பார்த்தால், பழந்துணி ஒன்றை ஓரமெல்லாம் கிழித்துப் போட்டாற்போல் தோன்றும். அந்தக் கிழிசல்களிலெல்லாம் சமுத்திரம் புகுந்து, மலைகளுக்கு நடுவே மைல் கணக்காக நீண்டு கிடக்கிறது. உள்நாட்டு ஏரியையும் சரி, இப்படிப் புகுந்த கடலையும் சரி, அந்நாட்டார் 'லாக்' என்றே அழைக்கிறார்கள். எது எதுவென்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்! லாக் எட்டிவ் உப்புக் கரிக்கும் ஜாதி. நீளம் சுமார் 20 மைல். ஆழமான இடத்தில் 100 மீட்டருக்கும் அதிகம்.

கிளாஸ்கோ நகரில் வைத்தியராயிருக்கும் நமது கல்லூரித் தோழர், டிசம்பர் விடுமுறையில் நம்மை அங்கே மீன் பிடிக்க அழைத்தார். மரக்கறி உண்ணும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தூண்டிலில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அதையே கேட்டோம். "நீர் பிடிக்க வேண்டாம் ஐயா! பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும்" என்றார் தோழர். பேசுவது நமக்கு இருபது வருஷப் பழக்கம், ஆகவே சம்மதித்தோம்.

இருட்டிலேயே மோட்டாரில் கிளம்பினோம். அந்த மாதத்தில் சூரியன் அங்கே காலை ஒன்பது மணிவாக்கில் கண் விழித்து, மாலை நாலு மணி அடிப்பதற்குள் படுக்கப் போய்விடுகிறான். லோமண்ட் ஏரிக் கரையோடு வடக்கே சென்று, பின்பு மேற்கே திரும்பி, 1,126 மீட்டர் உயரமுள்ள குரூக்கன் மலையின் அடிவாரத்தைக் கடந்தோம். சிகரத்தில் வெண்பனி படிந்திருந்தது. கீழே சரிவெல்லாம் காய்ந்த புல்லின் செம்பழுப்பு நிறம்.

முதலில் லாக்கின் வாயைக் காட்டுவதற்காகத் தோழர் நம்மைக் கானல் கிராமத்துக்கு அழைத்துப் போனார். 1903-ஆம் வருஷத்தில் ரயிலுக்காகக் கட்டப்பட்ட இரும்புப் பாலம் அங்கே இருக்கிறது; 1966-இல் ரயில் நின்றுபோய், இப்போது மோட்டார்களே அதில் ஓடுகின்றன. பாலத்தின் கீழே குறுகலான வழியில் பாறை ஒன்று குறுக்கே கிடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகவும் வற்றும் சமயத்தில், வெளியே நீர்மட்டம் தாழ்ந்துவிட, உள்ளேயிருக்கும் நீர் பாறைமேல் ஏறிக் குதித்து ஓடுகிறது. கடலில் ஓர் அருவி! லோரா அருவி என்று அதற்குப் பெயர். கடல் ஏறும்போது அதே அருவி எதிர்த் திசையில் உள்ளே பாய்கிறது.

வந்த வழியே சில மைல் திரும்பி, டெயினல்ட் என்னும் ஊரை அடைந்தோம். அதற்கு அருகில் போனாவில் பழைய இரும்பு உலை ஒன்று இருக்கிறது. 1753 முதல் 1876 வரை அங்கே இரும்பு உருக்கினார்கள். பீரங்கிக் குண்டுகளும் வார்த்தார்கள். கரிக்காகச் சுற்றிலுமுள்ள ஓக் மரங்களை முறை வைத்து வெட்டினார்கள். அடிமரத்தை விட்டு வெட்டினால் ஓக் மறுபடி துளிர்க்கும். சுமார் இருபது வருஷத்தில் அடுத்த வெட்டுக்குத் தயாராகும். ஆகவே நூற்றிருபது வருஷம் உலை எரிந்தும் காடு அழியவில்லை.

கரைக் கற்களின்மேல் பாசி வழுக்கிற்று. தோழர் முள்ளில் கானாங்கெளுத்தித் துண்டைக் கோத்து, ஈயக் குண்டோடு வீசி எறிந்தார். பிறகு காத்திருப்பதே வேலை. குளிர் பூட்ஸுக்குள் புகுந்து கால் விரல்களை ஒவ்வொன்றாய்த் தேடிப் பிடித்தது. இரண்டு கோப்பைத் தேநீர் தீர்ந்த பின்பு தூண்டிற்கோலின் நுனி இருமுறை தலையசைத்தது.

வந்தது இரண்டு முழ நீளமுள்ள சிறு சுறா. 'ஸ்பர்டாக்' என்பார்கள். சாம்பல் நிற முதுகில் வெண்புள்ளிகள்; இரண்டு துடுப்புகளுக்கும் முன்னால் ஒவ்வொரு விஷ முள். தோழர் அதை வாலைப் பிடித்துத் தூக்கவில்லை. ஈரக் கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, முள்ளைக் கழற்றினார்.

"பெண். வயிற்றில் குட்டி இருந்தாலும் இருக்கும். இரண்டு வருஷம் சுமக்கிறதையா!"

யானையின் கர்ப்பத்துக்குச் சமானம்! கானாங்கெளுத்தி லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. இதுவோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சில குட்டிகளே ஈனும். தாயாவதற்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 'ராக் சால்மன்' என்ற புனைபெயரில் இதை இங்கிலாந்துக் கடைகளில் பொரித்து விற்றார்கள். ஓக் மரத்தைப்போல் இது துளிர்க்குமா? இனமே குன்றியது. 2010-ஐ ஒட்டி ஐரோப்பிய நாடுகள் இதைப் பிடித்து விற்பதற்கு இடமில்லாமல் செய்தன. ஓரளவு பெருகிய பின்பு, 2023-இல்தான் அளவு வைத்து மீண்டும் அனுமதித்தார்கள்.

தோழர் மீனைத் தண்ணீரில் விட்டார். ஒரு கணம் நின்று, பிறகு இருளில் இறங்கிவிட்டது.

"உண்பதற்குமில்லை, விற்பதற்குமில்லை. சும்மா இருக்கும் பிராணியின் வாயில் முள்ளைக் குத்துவது எந்த தர்மம்?" என்று கேட்டோம்.

தோழர் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடலிலுள்ள பெருந்திருக்கையைப் பற்றிச் சொன்னார். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும் அதன் முட்டை பொரிக்கவே ஒன்றரை வருஷம் ஆகிறதாம். ஒவ்வொன்றின் முதுகுப் புள்ளியும் நம் கைரேகைபோல் தனித் தினுசு. தூண்டிற்காரர்கள் பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுகிறார்கள். அந்தப் படங்களைச் சேர்த்து, எந்த மீன் எங்கே எத்தனை வருஷம் வாழ்கிறதென்று விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள். லாக் சுனார்ட்டிலிருந்து ஜூரா ஜலசந்தி வரை 2014-இல் அத்திருக்கைக்காகவே காப்புக் கடல் வகுத்தார்கள்.

"கரைக்கு வராதவனுக்கு மீன் குறைந்தது தெரியாதய்யா. தெரியாததற்காக யார் வாதாடுவான்?" என்றார்.

அந்தப் பதிலில் பாதி நமக்குச் சம்மதம். மீனுக்காகப் பேச மனிதன் வேண்டியதுதான். முள் பட்ட வலி மீனுக்கு மட்டுமே சொந்தம் என்பதும் உண்மை. ஆயினும் ஒன்று நிச்சயம்: எது எவ்வளவு காலத்தில் பெருகும் என்று அறிந்து கைவைத்த இடத்தில் காடு நின்றது; அறியாமல் கைவைத்த இடத்தில் கடல் வெறுமையாயிற்று. கடலோடு பிழைக்கும் எந்த தேசத்தாரும் வலை வீசுமுன் கற்க வேண்டிய கணக்கு இதுவே.