கிணற்றைக் கேட்டுக் குழாயை வாங்குங்கள்!

கல்முனைக் கரையோரத்தில் வாழ்பவர்களுக்கு மூன்று விதமான தண்ணீர் வாய்த்திருக்கிறது. கிழக்கே கடல். மேற்கே, சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள் வழியே வந்து வயல்களில் பாயும் தண்ணீர். மூன்றாவது, காலடி மணலுக்குள் கிடக்கும் கிணற்றுத் தண்ணீர். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை, வீடுகளுக்குக் குழாய் நீர் வந்துவிட்ட பின்னரும், வளவில் நிற்கும் முருங்கைக்கும் மிளகாய்க்கும் பெரும்பாலோர் நம்பியிருப்பது இந்த மூன்றாவதைத்தான்.

இந்தக் கிணற்று நீரின் இயல்பை அறியாமல் வீட்டுத்தோட்டத்திற்குச் சொட்டு நீர்க் குழாய் வாங்கப் போவது வீண் செலவு என்பது எனது கருத்து. "எந்தக் கம்பனிக் குழாய் நல்லது?" என்று கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது உம்மாவின் வளவில் பூட்டிக் கொடுக்க வேண்டுமாம். அவர்களுக்கு நான் சொல்லி வருவதையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன்.

கரையோர மணலுக்குள் இருக்கும் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீர் சற்றுக் கனமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை அது இறங்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான பேடன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதிவைத்த கணக்கு இது. இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறத் தொடங்கும். மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைக்கும்போது, கிணற்றின் நேர் கீழே உப்பு நீர் கூம்பு போல் எழும்பி வரும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு இதை எமது மக்கள் புத்தகம் படிக்காமலேயே அறிந்துகொண்டனர். இலங்கையில் சுனாமியால் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. உயிர் தப்பியவர்களின் கிணறுகளோ உவர்த்துப் போயிருந்தன. திரும்பத் திரும்ப இறைத்தால் உப்புப் போய்விடும் என்று பலரும் நம்பினர். ஆனால் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உப்பு மேலும் ஏறக்கூடும் என்றும், மழையே கிணறுகளை மெல்ல மெல்ல மீட்கும் என்றும் கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்தவர்கள் கூறினர். மாரி மழைகள் பெய்த பின்னர்தான் உவர்ப்புத் தணிந்தது.

எனது வளவில் குழாய் போட்டது 2022இல். அதற்கு முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையும், அதைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியும் மரக்கறியின் விலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தன. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்ததும் அந்த ஜூன் மாதத்தில்தான். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டிருந்தது. மோட்டாரை நம்பிப் பயிர் செய்ய முடியாத நாட்கள் அவை. கச்சான் காற்றோ மணலில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

சொட்டு நீர் என்பது புதிய எண்ணம் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, பூச்சுக் கொடாத மண்பானையை நிலத்தில் புதைத்து நீர் நிரப்பிச் செடி வளர்க்கும் முறையைச் சீனர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய் வடிவில் அது வியாபாரமானது 1960களில், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில். இன்று தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 வீத மானியத்தில் இது வழங்கப்படுகிறது.

கடைக்குப் போனால் மூன்று வகைக் குழாய்களைக் காட்டுவார்கள். முதலாவது நாடா போன்ற மெல்லிய குழாய். சுவரின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். விலை குறைவு, ஓரிரு போகங்களுக்குத் தாங்கும். அணில் கடித்தால் அத்துடன் சரி. இரண்டாவது 16 மில்லிமீற்றர் தடித்த கறுப்புக் குழாய். உள்ளேயே 30 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக டிரிப்பர் எனும் சொட்டுமுனை பதித்திருக்கும். மூன்றாவது, அதே தோற்றமுடைய, ஆனால் அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு நீர் விடும் வகை. விலை கூடியது இதுதான். "இதைவிடத் திறம் இல்லை" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் இதைத்தான்.

மேட்டு நிலத் தோட்டத்திற்கு அது திறமானதே. எமது வீடுகளுக்கு அல்ல. அது ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது 5 மீற்றர் நீர் உயரத்தின் அழுத்தமாவது வேண்டும். எமது குளியலறைக் கூரை மேல் இருக்கும் 500 லீற்றர் தாங்கியின் உயரம் நிலத்திலிருந்து இரண்டரை மீற்றர். ஆகவே இரண்டாவது வகையையே தெரிவு செய்தேன்.

இங்கு ஒரு சிறு கணக்கு. குழாயில் "மணிக்கு 2 லீற்றர்" என்று அச்சிட்டிருப்பது 10 மீற்றர் நீர் உயரத்துக்கு உரியது. உயரம் நான்கில் ஒன்றானால் நீர் பாதியாகும். எனவே இரண்டரை மீற்றரில் எனக்குக் கிடைப்பது மணிக்கு 1 லீற்றர். எட்டு மீற்றர் நீளத்தில் ஐந்து வரிசை. ஏறக்குறைய 130 சொட்டுமுனைகள். காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். நாளொன்றுக்கு 200 லீற்றருக்கும் குறைவு. அதற்கு முன்னர் மோட்டாரில் ரப்பர் குழாயைப் பூட்டி அதே பாத்திகளுக்கு நாற்பது நிமிடம் அடிப்போம். 10 லீற்றர் வாளி நாற்பது வினாடியில் நிரம்பியது என்றால், அது 600 லீற்றர்!

ஒரே தடவையில் விடாமல் இரு தடவையாகப் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. களிமண்ணில் நீர் பக்கவாட்டில் பரவும். மணலில் நேரே கீழே இறங்கிவிடும். வேர் எட்டாத ஆழத்துக்குப் போன நீரால் செடிக்குப் பயனில்லை. சொட்டுமுனைகளின் இடைவெளி 30 சென்ரிமீற்றரை விடக் கூடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பூட்டும் வேலை கடினமானதல்ல. தாங்கியின் அடியிலிருந்து நான்கு விரல் உயர்த்தி வாய் வைத்தால் மண்டி குழாய்க்குள் வராது. அடுத்து ஒரு வால்வு. அதற்கப்பால் 120 மெஷ் வடிகட்டி. அழுத்தம் குறைவான இடத்தில் சிறிய வடிகட்டி நீரைத் தடுக்கும். ஓர் அங்குல அளவே நல்லது. குழாயை வெயிலில் விரித்துப் போட்டால் சுருள் நிமிரும். நுனியைச் சுடுநீரில் தோய்த்தால் இணைப்பு இலகுவாக ஏறும். ஒவ்வொரு வரிசையின் கடைசி முனையையும் மடித்துக் கட்டுங்கள். ஒட்டி மூட வேண்டாம். வாரம் ஒரு முறை அவிழ்த்துக் கழுவிவிட வேண்டும். கிணற்று நீரில் இரும்பு இருந்தால் செம்மஞ்சள் பசை படியும். சொட்டுமுனையை அடைப்பது பெரும்பாலும் அதுதான். அத்தகைய நீரை இரவில் தாங்கியில் தெளியவிட்டுக் காலையில் திறப்பது உத்தமம்.

வேலை முடிந்த அன்று முதல் சொட்டுமுனைக்குக் கீழும் கடைசிச் சொட்டுமுனைக்குக் கீழும் ஒவ்வொரு பேணியை வைத்து ஒரு மணி நேரம் அளந்தேன். வித்தியாசம் ஒரு தேநீர்க் கோப்பையின் பாதியளவும் இல்லை. வரிசைகளைப் பத்து மீற்றருக்குள் அடக்கியதன் பலன் அது.

எனது மூத்த காக்கா இதையெல்லாம் வேலி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஊத்துற தண்ணியெல்லாம் மணலுக்குள்ளால உண்ட கிணத்துக்குத்தானே தம்பி திரும்பி வருது? ஏன் இவ்வளவு பாடு?"

நியாயமான கேள்வி. ஒரு பகுதி திரும்பி வருவது உண்மைதான். ஆனால் வெயிலும் காற்றும் எடுத்ததுபோக எஞ்சியது, பாத்தியில் போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்குள் இறங்குகிறது. உரம் இட்டுப் பயிர் செய்யும் கற்பிட்டி மணலிலும் யாழ்ப்பாணத்திலும் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது ஆய்வுகளில் தெரியவந்த விடயம். அத்துடன் 600 லீற்றரை ஒரே மூச்சில் இறைக்கும்போது எழும்பும் உப்பு வேலியைப் பார்த்து நிற்பதில்லை. எனது கிணறு, காக்காவின் கிணறு, பக்கத்து வளவுக் கிணறு எல்லாமே ஒரே நன்னீரின் மேல் திறந்திருக்கும் வாய்கள்தான். வீடுகள் நெருங்கிய எமது ஊர்களில் ஒருவர் இறைப்பது எல்லோருக்குமான கணக்கில்தான் எழுதப்படுகிறது.

கடைசியாக ஒன்று. கோடை முழுதும் சொட்டிய இடத்தைச் சுற்றி, ஈரம் முடியும் ஓரத்தில் உப்பு வட்டமாகப் படிந்திருக்கும். முதல் தூறல் அதைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். மழை வந்துவிட்டதே என்று வால்வை மூடிவிடாமல், பெருமழை பிடிக்கும்வரை சொட்டவிடுங்கள். அதன் பின் குழாயைச் சுருட்டி நிழலில் வைத்துவிடலாம். மணலுக்குள் நன்னீரை நிரப்புவதை மாரி பார்த்துக்கொள்ளும்.