கோர்வைக்கு ஒரு ஆள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரனுக்கு மீன் என்றால் தெருவில் கூடையில் வருவதுதான். கடல் எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அப்படிப்பட்ட நான் போன ஆகஸ்டில், கனடாவில் ஒன்டாரியோ ஏரி நடுவே, மகனோடு படகில் உட்கார்ந்து சால்மன் மீனுக்குத் தூண்டில் போட்டேன்.

மிசிசாகாவில் போர்ட் கிரெடிட் என்ற இடத்திலிருந்து விடிகாலையில் கிளம்பினோம். அந்தச் சால்மனும் அந்த ஏரிக்குச் சொந்த ஊர்க்காரன் இல்லையாம். 1960-களின் கடைசியில் பசிபிக் பக்கத்து இனத்தைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். 'நம்மளை மாதிரிதான்' என்று மகன் சிரித்தான்.

வெயில் காலத்தில் மேல் தண்ணீர் சூடாகிவிடும். சால்மனுக்குப் பத்து, பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி வேண்டும். ஆகவே அது கீழே போய்விடும். படகோ நாம் நடக்கிற வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற படகுக்குப் பின்னால் இழுத்தால் தூண்டில் மேலேயே மிதந்து வரும். அதைக் கீழே இறக்கத்தான் டிப்ஸி டைவர் என்று ஒரு பிளாஸ்டிக் தட்டு. டீ சாஸர் அளவு, அடியில் கொஞ்சம் எடை. நூலில் கட்டிவிட்டால் தண்ணீரின் எதிர்ப்பிலேயே சாய்ந்து முங்கும். அடியில் எண்கள் உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் நேராக ஆழம் போகும். எண் கூடக்கூட இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகி ஓடும், ஆழம் குறையும். ஆளுக்கொரு தூண்டிலாக, எனக்கு இடம், அவனுக்கு வலம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் சேலைக்குக் கோர்வை போடவேண்டும். மூன்று நாடா ஓடும். நெசவாளி ஒருவன் கையால் ஆகாது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை விடவேண்டும். மகன் ஐந்தாவது படிக்கும்போது, கல்யாண சீசன் நெருக்கடியில், ஆள் கிடைக்காமல் அவனை உட்காரவைத்தேன். நாலு நாள் என்று சொன்னது நாலு மாதம் ஆனது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் அவனை மேல் வகுப்புக்கு அனுப்பவில்லை. அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

'தட்டு தானா மடங்கிடுதுப்பா' என்று அலுத்துக்கொண்டான். மீன் இழுத்தால் அதன் கொக்கி விடுபட்டு, தட்டு படுத்துவிட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் எதிர்ப்பில்லாமல் மீனை மட்டும் இழுக்கலாம். அந்தக் கொக்கிக்கு ஒரு சின்னத் திருகு. இளகினால் வெறும் தண்ணீருக்கே விட்டுவிடும், இறுகினால் மீன் மாட்டினாலும் விடாது. வாங்கி நூலைச் சுண்டிச் சுண்டிப் பார்த்து, அரைச் சுற்று முடுக்கிக் கொடுத்தேன். பாவு இழுவையை நாற்பது வருஷம் பார்த்த விரல். வேறு ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

அரைமணி கழித்து அவன் கோல் வில்லாய் வளைந்தது. 'உங்க நூலைச் சுத்திடுங்கப்பா, சிக்கிடும்!' என்று கத்தினான். சுற்றினேன். பிறகு வலையைப் பிடி என்றான், பிடித்தேன். சுமார் ஏழு கிலோ.

திரும்பும்போது, அவன் முகத்தைப் பார்க்காமல், 'அந்த நாலு மாசம் உன்னை உட்காரவெச்சிருக்கக் கூடாதுடா' என்றேன்.

படகின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'கை வலிச்சது ஞாபகம் இருக்கு' என்றான். 'சாயங்காலம் நீங்க வாங்கித் தந்த பன்னும் ஞாபகம் இருக்கு.'

அன்று இரவு மருமகள் புளிக்குழம்பு வைத்தாள். வஞ்சிரத்துக்கு ஈடாகாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு தட்டை என் பெட்டியில் வைத்தான். காஞ்சிபுரத்தில் இதை எங்கேடா போடறது, சர்வதீர்த்தக் குளத்திலா என்று கேட்டேன். 'சும்மா வெச்சிருங்கப்பா' என்றான். தறி இருந்த அறையில், ஆணியில் மாட்டியிருக்கிறேன்.